புது யோசனை வேண்டுமா? 'சேவ் அஸ்' செய்யுங்கள்!

கம்ப்யூட்டர் வாங்கி வீட்டில் வைத்தாகிவிட்டது. கடிதம் டைப் செய்யக் கற்றுக்கொண்டீர்கள். வீட்டுக் கணக்கை எக்ஸெலில் போடுகிறீர்கள். அடுத்து என்ன? "இதை வைத்து என் தொழிலில் புதிதாக ஏதாவது செய்ய முடியுமா?" என்று என்னிடம் கேட்பவர்கள் நிறையப் பேர். கேட்ட வாயாலேயே, "ஆனால் எனக்கு அந்த அளவுக்குக் கற்பனை எல்லாம் வராதுங்க" என்று பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

நானும் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். சேலம் மாவட்டத்தில் இளம்பிள்ளைக்குப் பக்கத்தில், விசைத்தறிச் சேலைகளுக்கு பார்டர், முந்தி, புட்டா ஆகியவற்றை டிசைன் செய்து கொடுப்பது என் தொழில். 'புதுசாக் கொடுங்க' என்ற சொல் தினமும் என் காதில் விழும். கற்பனை வராவிட்டால் எனக்கு வேலை இல்லை. எனக்கு மட்டும் அல்ல, என் டிசைனை நம்பித் தறியில் உட்காருகிறவருக்கும் வேலை இல்லை. இதை நான் ஒரு தீபாவளி சமயத்தில் கற்றுக்கொண்டேன்.

அந்தப் பாடத்தையும், அதற்குப் பிறகு நான் செய்யத் தொடங்கிய ஒரு சுலபமான பயிற்சியையும் இங்கே தருகிறேன். இதற்கு விலை கொடுத்து எந்த சாப்ட்வேரும் வாங்க வேண்டாம். விண்டோஸ் உடன் வரும் பெயிண்ட் போதும்.

நின்றுபோன இரண்டு தறிகள்

கம்ப்யூட்டர் வாங்கிய முதல் வருடம் அது. அதுவரை கிராப் பேப்பரில் பென்சிலால் வரைந்துகொண்டிருந்தேன். ஒரு தறிக்காரர் வந்தார்.

"தம்பி, ஐப்பசி பிறக்கறதுக்குள்ள சரக்கு கடைக்குப் போயாகணும். கடைக்காரர் கண்ணுல படாத பார்டரா ஒண்ணு போட்டுக் கொடுங்க" என்றார்.

மூன்று நாள் உட்கார்ந்தேன். ஒரு மாங்காய் வரைவேன், பிடிக்காது, அழிப்பேன். அதே பைலில் அதன் மேலேயே அடுத்ததை வரைந்து சேவ் செய்வேன். கம்ப்யூட்டரில் அழிப்பது எவ்வளவு சுலபம்! பேப்பரில் ரப்பர் போட்டால் தடமாவது இருக்கும். இங்கே அதுவும் இல்லை. மூன்றாம் நாள் மாலை என்னிடம் இருந்தது ஒரே ஒரு பைல், அதில் எனக்கே பிடிக்காத ஒரு படம்.

நேரம் போய்க்கொண்டிருந்தது. இன்டர்நெட்டில் கிடைத்த ஒரு பார்டர் படத்தை எடுத்து, கொஞ்சம் மாற்றி, அதையே கொடுத்துவிட்டேன். அட்டை குத்தி, ஜக்கார்டு பெட்டியில் ஏற்றி, இரண்டு தறிகளில் மாதிரிச் சேலைகள் நெய்தார்கள். கடைக்காரர் ஒரு முறைதான் பார்த்தார்.

"ஏனுங்க, இது போன வருசமே ஓடுன பார்டராச்சே?"

சரக்கு திரும்பி வந்தது. தறிக்காரர் என்னைத் திட்டவில்லை. "புது அட்டை வர்ற வரைக்கும் அந்த ரெண்டு தறியும் நாலு நாள் சும்மா நின்னுதுங்க தம்பி" என்று மட்டும் சொன்னார். நெய்தால்தான் கூலி. தறி நின்றால் அந்த வீட்டில் வரவும் நின்றுவிடும். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு உறைத்திருக்காது.

அன்று இரவு யோசித்தேன். இரண்டாம் நாள் காலையில் நான் வரைந்து அழித்த மாங்காய் ஒன்று ஞாபகம் வந்தது. வால் பகுதி ஒரு கொடியாக நீண்டு அடுத்த மாங்காயைத் தொடும். அப்போது 'சரியில்லை' என்று அழித்துவிட்டேன். இப்போது அதை மறுபடி வரையப் பார்த்தேன். வரவில்லை. கற்பனை எனக்கு வந்துதான் இருந்தது. வந்ததை நானே அழித்திருந்தேன்.

கற்பனை எங்கிருந்து வருகிறது?

'ஒன்றுமே இல்லாத இடத்தில் இருந்து புதிதாக ஒன்று உதிப்பது' என்றுதான் நம்மில் பலரும் கற்பனையைப் பற்றி நினைக்கிறோம். நெசவுக்கும் கம்ப்யூட்டருக்கும் பொதுவான ஒரு கதையைப் பார்த்தால் உண்மை புரியும்.

பாவு நூல்களில் எவை எழ வேண்டும், எவை கீழே இருக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு ஊடைக்கும் மாற்றினால்தான் சேலையில் பூ விழும். ஜக்கார்டு பெட்டியில் இந்த வேலையை அட்டைகள் செய்கின்றன. அட்டையில் ஓட்டை இருந்தால் அந்தக் கொக்கி எழும், ஓட்டை இல்லாவிட்டால் எழாது. ஓர் ஊடைக்கு ஓர் அட்டை.

இந்த யோசனை ஒரே ஆளுடையது அல்ல. பிரான்ஸ் நாட்டில் 1725-ல் பூஷோன் என்பவர் ஓட்டை போட்ட காகிதச் சுருளால் நூல்களைத் தேர்ந்தெடுக்க முடியும் என்று காட்டினார். 1728-ல் பால்கோன் காகிதச் சுருளுக்குப் பதில் ஒன்றோடு ஒன்று கோத்த அட்டைகளைப் பயன்படுத்தினார். 1745-ல் வோகான்சோன் அதைத் தானாக இயங்கும்படி செய்து பார்த்தார். வோகான்சோனின் இயந்திரத்தைப் பாரிஸில் ஆராய்ந்த ஜோசப் மரி ஜக்கார்டு, இவை எல்லாவற்றையும் சேர்த்து 1804-ல் நடைமுறைக்கு உதவும் இயந்திரமாக்கினார். பெயர் அவருக்கு நின்றது.

கதை அங்கே முடியவில்லை. இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ், 1830-களில் தான் திட்டமிட்ட கணக்கிடும் இயந்திரத்துக்கு உத்தரவுகள் கொடுக்க இதே அட்டைகளை எடுத்துக்கொண்டார். ஏறக்குறைய 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்த ஜக்கார்டின் உருவப்படம் ஒன்றையும் அவர் வைத்திருந்தார். அமெரிக்காவில் ஹெர்மன் ஹாலரித், 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஓட்டை போட்ட அட்டைகளால் எண்ணி முடித்தார். அவருடைய கம்பெனி வேறு சில கம்பெனிகளுடன் 1911-ல் இணைந்தது. அந்தக் கூட்டு நிறுவனம்தான் 1924-ல் ஐபிஎம் என்று பெயர் மாறியது. உங்கள் மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டரின் முன்னோர்களில் ஒன்று, எங்கள் ஊர்த் தறியின் மேல் இன்றும் ஆடிக்கொண்டிருக்கும் அந்தப் பெட்டி!

நம் பக்கத்திலேயே இன்னோர் உதாரணம் உண்டு. சேலத்தில் டி.ஆர்.சுந்தரம் 1935-ல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. 1940-ல் வெளிவந்த 'உத்தம புத்திரன்' வெளிநாட்டில் ஏற்கெனவே பிரபலமான கதையின் தழுவல். அதில் பி.யு.சின்னப்பாவுக்கு இரட்டை வேடம். 1956-ல் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' எல்லோருக்கும் தெரிந்த அரபுக் கதை. அதைத் தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமாக்கினார்கள். கதை பழையது, சேர்க்கை புதியது.

ஆக, கையில் இருப்பதைச் சேர்த்து, மாற்றி, பொருத்திப் பார்ப்பதே கற்பனை. மாற்றிப் பார்க்க இரண்டு வசதிகள் வேண்டும். ஒன்று, பழையது கைவசம் இருக்க வேண்டும். இரண்டு, மாற்றும்போது பழையது கெடக்கூடாது. கம்ப்யூட்டர் இந்த இரண்டையும் செய்து தரும். அதற்கான கட்டளையின் பெயர்தான் 'சேவ் அஸ்'.

நான்கு கட்டங்கள்

கிரஹாம் வாலஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் 1926-ல் எழுதிய நூலில், புதிய யோசனை உருவாவதை நான்கு கட்டங்களாகப் பிரித்தார். தொழில் செய்கிறவர்களுக்கு இன்றும் உதவும் பிரிவு இது.

1. தயார் செய்தல்: விஷயங்களைச் சேகரித்து, பல விதமாக முயன்று பார்ப்பது.

2. ஊற விடுதல்: வேலையை அப்படியே விட்டுவிட்டு வேறு எதையாவது செய்வது. இட்லி மாவு புளிக்க இரவு முழுவதும் தேவைப்படுவது போல.

3. பளிச்சிடுதல்: எதிர்பாராத நேரத்தில் வழி தெரிவது.

4. சரிபார்த்தல்: தெரிந்த வழி உண்மையில் வேலைக்கு ஆகுமா என்று சோதிப்பது.

நான் செய்த தவறு என்ன? முதல் கட்டத்தில் இருக்கும்போதே நான்காவது கட்டத்தைச் செய்தேன். வரைந்தவுடன் தீர்ப்புச் சொல்லி அழித்தேன். விதை போட்ட மறுநாளே மண்ணைக் கிளறிப் பார்ப்பவன் கதைதான். விளம்பரத் துறையில் இருந்த அலெக்ஸ் ஆஸ்போர்ன் என்ற அமெரிக்கரும், 1953-ல் வெளியிட்ட நூலில் இதையே முக்கிய விதியாக வைத்தார்: யோசனைகளைக் கொட்டும் நேரம் வேறு, அவற்றை எடை போடும் நேரம் வேறு.

இனி பயிற்சிக்கு வருவோம். நான் பார்டரை வைத்துச் சொல்கிறேன். நீங்கள் கடையின் பெயர்ப் பலகை, மிட்டாய்ப் பெட்டியின் லேபிள், திருமணப் பத்திரிகை, மார்கழிக் கோலம் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

படி 1: சேகரம்

டெஸ்க்டாப்பில் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து, நியூ, போல்டர் என்று தேர்ந்தெடுங்கள். 'என் டிசைன்' என்று பெயர் கொடுங்கள். பெயரைத் தமிழிலேயே கொடுக்கலாம். அதற்குள் 'சேகரம்', 'முயற்சி', 'தேர்வு' என்று மூன்று போல்டர்கள் உருவாக்குங்கள்.

கண்ணில் படும் நல்ல உருவங்களை எல்லாம் செல்போனில் படம் எடுத்து 'சேகரம்' போல்டரில் போடுங்கள். என்னுடையதில் தாரமங்கலம் கோயில் தூண்கள் இருக்கின்றன. பாட்டியின் பழைய சேலை, ஆட்டோவின் பின்னால் வரைந்திருந்த பூ, வாசல் கோலம், வாழை இலையின் நரம்பு என்று நிறைய இருக்கின்றன. ஒவ்வொரு படத்துக்கும் எடுத்த இடத்தைப் பெயராக வையுங்கள். 'தாரமங்கலம் தூண்' என்று பெயர் இருந்தால், இரண்டு வருடம் கழித்துத் தேடினாலும் கிடைக்கும். கேமரா தரும் எண்ணையே விட்டுவைத்தால் கிடைக்காது.

படி 2: எல்லை போடுங்கள்

'எதை வேண்டுமானாலும் வரை' என்றால் கை ஓடாது. 'இந்தக் கட்டத்துக்குள் வரை' என்றால் ஓடும். நெசவில் இந்த எல்லை இயல்பாகவே உண்டு. 120 கொக்கி உள்ள பெட்டி என்றால், டிசைனின் அகலம் 120 புள்ளிக்குள் நிற்க வேண்டும்.

பெயிண்டைத் திறந்து கண்ட்ரோல் + இ அழுத்துங்கள். படத்தின் அளவைக் கேட்கும் பெட்டி வரும். அலகு பிக்ஸல் என்று இருக்கட்டும். அகலம் 60, உயரம் 120 என்று கொடுத்து ஓகே செய்யுங்கள். வலது கீழ் மூலையில் உள்ள ஜூமை 800 சதவீதத்துக்கு நகர்த்துங்கள். இப்போது ஒவ்வொரு புள்ளியும் தனித்தனிச் சதுரமாகத் தெரியும். இதுதான் உங்கள் கிராப் பேப்பர். பென்சில் கருவியை எடுத்து, கறுப்பு நிறத்தில் பாதி உருவத்தை மட்டும் வரையுங்கள்.

மறு பாதியைக் கம்ப்யூட்டரே செய்யும். கண்ட்ரோல் + ஏ, பிறகு கண்ட்ரோல் + சி. மறுபடி கண்ட்ரோல் + இ அழுத்தி அகலத்தை 120 ஆக்குங்கள். கண்ட்ரோல் + வி அழுத்தினால் பாதிப் படம் இடது பக்கத்தில் ஒட்டும். அது தேர்வில் இருக்கும்போதே பிளிப் ஹாரிஸான்டல் கொடுங்கள். கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பும். அதை மௌஸால் இழுத்து வலது பாதியில் பொருத்துங்கள். முழு உருவம் தயார்!

இந்தப் படத்தில் 120 x 120, அதாவது 14,400 கட்டங்கள். பேப்பரில் ஒவ்வொன்றாக நிரப்பிய காலத்தில் எனக்கு ஒரு டிசைனுக்கே ஒரு நாள் போய்விடும்.

படி 3: சேவ் அஸ்

இதுதான் முக்கியமான படி. பைல் மெனுவில் சேவ் அஸ் சென்று, பிஎம்பி அல்லது பிஎன்ஜி வகையைத் தேர்ந்தெடுத்து, 'முயற்சி' போல்டரில் 'மாங்காய் 01' என்று சேமியுங்கள். ஜேபிஜி வேண்டாம். அது படத்தைச் சுருக்கும்போது கறுப்பு, வெள்ளைப் புள்ளிகளின் ஓரத்தில் சாம்பல் அழுக்குப் படியவிடும். புள்ளிக் கணக்கில் வரையும் படத்துக்கு அது ஆகாது.

இனி எந்த மாற்றம் செய்யும் முன்னும் சேவ் அஸ் கொடுத்து 'மாங்காய் 02' என்று புதுப் பெயரில் சேமித்துவிட்டு, அதன் பிறகு மாற்றுங்கள். 02-ல் செய்தது பிடிக்கவில்லையா? அது அப்படியே இருக்கட்டும். 03-க்குப் போங்கள். எதையும் அழிக்காதீர்கள்.

'அண்டூ இருக்கிறதே' என்று கேட்கலாம். பெயிண்டை மூடினால் அண்டூவும் போய்விடும். நேற்று அழித்ததை அது இன்று திருப்பித் தராது.

'டிஸ்க் நிறைந்துவிடாதா?' என்ற கவலையும் வேண்டாம். இந்த அளவில் 24-பிட் பிஎம்பி படம் ஒன்று சுமார் 43 கேபி. ஆயிரம் முயற்சிகள் சேர்ந்தாலும் சுமார் 43 எம்பிதான். செல்போனில் எடுக்கும் பத்துப் பதினைந்து போட்டோக்களின் இடம் அது.

படி 4: ஏழு கேள்விகள்

'எப்படி மாற்றுவது என்றே தெரியவில்லை' என்று தடுமாறும்போது கேட்டுக்கொள்ள ஒரு பட்டியல் உண்டு. ஆஸ்போர்னின் கேள்விகளில் இருந்து பாப் எபர்லே என்ற ஆசிரியர் 1971-ல் தொகுத்தது. மாங்காயை வைத்துப் பார்ப்போம்.

1. எதையாவது மாற்றி வைக்கலாமா? மாங்காய்க்குள் இருக்கும் பூவை எடுத்துவிட்டு ருத்ராட்சம் வைக்கலாம்.

2. எதையாவது சேர்க்கலாமா? மாங்காயைச் சுற்றி மயில்கண் வரிசை ஓடவிடலாம்.

3. வேறு இடத்தில் இருந்து பொருத்தலாமா? புள்ளிக் கோலத்தின் சிக்கு வளைவை மாங்காயின் ஓரமாக்கலாம்.

4. பெரிதாக்கலாமா, சிறிதாக்கலாமா? ஒரு பெரிய மாங்காய்க்குப் பதில் ஒன்பது சின்ன மாங்காய்கள்.

5. வேறு வேலைக்கு ஆகுமா? பார்டருக்கு வரைந்தது முந்தியில் எப்படி இருக்கும்?

6. எதையாவது நீக்கலாமா? வெளிக்கோட்டை எடுத்துவிட்டால் உள்ளே இருக்கும் பூக்களே மாங்காய் வடிவத்தைக் காட்டும்.

7. தலைகீழாக்கலாமா? படத்தைத் தேர்வு செய்து ரைட் கிளிக்கில் இன்வெர்ட் கலர் கொடுங்கள். கறுப்பு வெள்ளையாகும், வெள்ளை கறுப்பாகும். பூ தளமாகி, தளம் பூவாகிவிடும்.

ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு சேவ் அஸ். இருபது பைல் சேரும்வரை எதையும் நல்லது, கெட்டது என்று சொல்லாதீர்கள். என் அனுபவத்தில் முதல் ஐந்தாறு முயற்சிகள் எல்லோரும் செய்வதாகவே இருக்கும். பத்துக்கு மேல் கை அலுத்துப்போகும். அந்த அலுப்பைத் தாண்டிய பிறகுதான் எனக்குப் புதியது வரத் தொடங்குகிறது. பன்னிரண்டில் நிறுத்துகிறவர், பதினைந்தாவதைப் பார்க்காமலே 'எனக்குக் கற்பனை இல்லை' என்று எழுந்துவிடுகிறார்.

படி 5: மூடிவிட்டுப் போங்கள்

இருபது ஆனதும் கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்துவிடுங்கள். மறுநாள்தான் பார்க்க வேண்டும். நான் பெரும்பாலும் தறிப் பட்டறைக்குப் போய், நெய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். தீராத சிக்கல் சில நாள் அங்கே, அந்தச் சத்தத்துக்கு நடுவில் தீர்ந்திருக்கிறது. தோன்றியதைக் குறித்துக்கொள்ள ஒரு பேனாவும் துண்டுக் காகிதமும் பையில் இருக்கட்டும். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று விட்டால் மறந்துபோகும்.

படி 6: எடை போடுதல்

மறுநாள் 'முயற்சி' போல்டரைத் திறந்து, வியூ மெனுவில் எக்ஸ்ட்ரா லார்ஜ் ஐகான்ஸ் தேர்ந்தெடுங்கள். இருபது படமும் பக்கம் பக்கமாக நிற்கும். ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதற்கும், எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்ப்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. கண் தானாகவே ஓரிடத்தில் நிற்கும்.

பிரிண்டர் இருந்தால் எல்லாப் படங்களையும் தேர்வு செய்து, ரைட் கிளிக்கில் பிரிண்ட் கொடுத்து, காண்டாக்ட் ஷீட் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். ஒரே தாளில் எல்லாம் வந்துவிடும். அதைச் சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். சேலையைக் கடையில் அந்தத் தூரத்தில் இருந்துதான் முதலில் பார்க்கிறார்கள்.

பிறகு தொழில் தெரிந்தவரிடம் காட்டுங்கள். ஒரு முறை எனக்கு மிகவும் பிடித்த டிசைனைத் தறி ஓட்டும் அக்கா ஒருவரிடம் காட்டினேன்.

"பார்க்க நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா இந்த இடத்துல நூல் இவ்ளோ நீளம் பிடிப்பே இல்லாமப் போகுதே, கட்டுறவங்க வளையல்ல மாட்டிக்காதா?" என்றார்.

மானிட்டரில் அது எனக்குத் தெரியவே இல்லை. நடுவில் சில புள்ளிகளைச் சேர்த்து நூலைப் பிடிக்க வைத்தேன். அந்தப் புள்ளிகளே பிறகு டிசைனுக்கு அழகாக அமைந்தன. எல்லை தடையாக நிற்பதைப் போல, சில நேரம் வழியும் காட்டும். தேறிய ஒன்றிரண்டை 'தேர்வு' போல்டருக்குக் காப்பி செய்யுங்கள். கட் செய்யாதீர்கள். 'முயற்சி' போல்டர் முழுதாக இருக்கட்டும். வாரம் ஒரு முறை மொத்த போல்டரையும் பென் டிரைவில் எடுத்து வையுங்கள்.

வேறு தொழில்களுக்கு?

'நாங்கள் படம் வரைவதில்லையே' என்கிறீர்களா? நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிறவர்களைப் பாருங்கள். கம்பெனியில் இருந்து வருவது சேஸிஸ்தான். நீளம் இவ்வளவு, ஏற்றும் எடை இவ்வளவு என்ற எல்லைக்குள் சரக்குக்கு ஏற்றபடி பாடியை மாற்றிக் கட்டுவது இங்கே நடக்கும் வேலை. அதற்கான அளவுகளையும் மதிப்பீட்டையும் எக்ஸெலில் 'மதிப்பீடு 01', '02' என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். கோழிப் பண்ணையில் கூண்டு வரிசைகளை எப்படி அமைப்பது, மளிகைக் கடையில் எந்தப் பொருளை எங்கே அடுக்குவது என்பதற்கும் இதே முறைதான்.

பலர் சேர்ந்து வேலை செய்யும் இடம் என்றால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து 'யோசனை சொல்லுங்கள்' என்றால் பெரியவர் பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். டீல், ஸ்ட்ரோபே என்ற இரு ஆய்வாளர்கள் 1987-ல் வெளியிட்ட ஆய்வில், கூடிப் பேசும் குழுவைவிட, அதே எண்ணிக்கை ஆட்கள் தனித்தனியாக எழுதிக் கொடுத்ததைச் சேர்த்தால் அதிக யோசனைகள் கிடைத்தன. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டியிருப்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். எனவே முதலில் அவரவர் தனியாக எழுதட்டும். கடைசியாகச் சேர்ந்த பையனும் எழுதட்டும். பிறகு கூடிப் பேசுங்கள்.

காப்பி அடிக்கலாமா?

இன்டர்நெட் படத்தில் இருந்து ஒரு வளைவைக் கற்றுக்கொள்வது சேகரம். படத்தையே எடுத்துக் கொடுப்பது திருட்டு. இந்தியாவில் 2000-ம் ஆண்டின் டிசைன் சட்டப்படி பதிவு செய்த டிசைனுக்கு 10 வருடப் பாதுகாப்பு உண்டு. அதை மேலும் 5 வருடம் நீட்டிக்கலாம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். உங்களுக்குக் கிடைத்த அதே படம் இன்னும் நூறு பேருக்கும் கிடைத்திருக்கும் என்பதை மறக்க வேண்டாம். நான் பட்ட பாடு அதுதானே!

இப்போது ஏஐ கருவிகளிடம் 'மாங்காய் பார்டர் வேண்டும்' என்று எழுதினால் நொடியில் படம் தருகின்றன. பயன்படுத்தலாம், தப்பில்லை. ஆனால் அதை 'சேகரம்' போல்டரில் போடுங்கள், 'தேர்வு' போல்டரில் போடாதீர்கள். 120 கொக்கிக்குள் நிற்குமா, நூல் வளையலில் மாட்டுமா என்று அந்தப் படத்தைப் பார்த்து நீங்கள்தான் கேட்க வேண்டும்.

திரும்பி வந்த தறிக்காரர்

அடுத்த தீபாவளிக்கும் அதே தறிக்காரர் வந்தார். அவர் வேறு ஆளைத் தேடிப் போயிருக்கலாம், போகவில்லை. அவர் முன்னால் ஒரு தாளை வைத்தேன். அதில் இருபத்து மூன்று பார்டர்கள் இருந்தன. அவர் விரல் பதினேழாவதில் நின்றது. ஒன்பதாவதில் எனக்குப் பிடிக்காமல் விட்டுவைத்த ஒரு கொடியையும், பதினான்காவதில் இருந்த மாங்காயையும் சேர்த்து வந்தது அது. ஒன்பதை நான் அழித்திருந்தால் பதினேழு பிறந்திருக்காது.

அந்த பார்டர் ஊரையே கலக்கியது என்று சொல்ல மாட்டேன். சரக்கு திரும்பி வரவில்லை. தறிகள் நிற்கவில்லை. எனக்கு அது போதும். இன்றும் பத்து டிசைன் கொடுத்தால் ஒன்றோ இரண்டோதான் நன்றாக ஓடுகிறது. மற்றவை 'முயற்சி' போல்டரில் எண்களோடு காத்திருக்கின்றன.

இன்று மாலையே பெயிண்டைத் திறந்து உட்காருங்கள். உங்கள் '01' சுமாராகத்தான் இருக்கும், இருக்கட்டும். அதை அழிக்காமல் சேவ் அஸ் கொடுத்து, '02' என்று டைப் செய்யுங்கள்.